டிசிடி இருக்கற குழந்தைக்கு கை சைகை பழக்கறது எப்படி

டெவலப்மென்டல் கோஆர்டினேஷன் டிஸார்டர், சுருக்கமா டிசிடி, அதாவது கை கால் அசைவுகளை ஒருங்கிணைக்கறதுல சின்ன வயசுலயே இருக்கற சிக்கல். இது இருக்கற பசங்க பட்டன் போட, ஷூ லேஸ் கட்ட, பந்து பிடிக்க கஷ்டப்படுவாங்கன்னு நிறைய பேருக்கு தெரியும். ஆனா "பிரஷ் இல்லாம சும்மா பல்லு தேய்க்கற மாதிரி செஞ்சு காமி"ன்னு கேட்டாலும் பல பேர் திணறுவாங்க, அதை யாரும் பெருசா கவனிக்கறதில்ல. ஸ்கூல் வயசு பசங்கள்ல 100க்கு 5, 6 பேருக்கு டிசிடி இருக்கு. இது சோம்பேறித்தனமும் இல்ல அடமும் இல்ல, தயவுசெஞ்சு அப்படி திட்டாதீங்க. என்ன செய்யணும்னு குழந்தைக்கு நல்லா புரியுது, அதை அசைவா பிளான் பண்றதுலதான் சிக்கல்.

பழக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க மாட்டுதுன்னு பாருங்க. ஒரே சைகையை மூணு விதமா கேளுங்க, முதல்ல வாயால மட்டும் சொல்லி, அப்புறம் நீங்க செஞ்சு காமிச்சு, கடைசியா நிஜ சீப்பையோ பிரஷையோ கையில கொடுத்து. பொதுவா வாயால மட்டும் சொல்றப்பதான் ரொம்ப கஷ்டம், ஏன்னா பொருள் கையில இருந்தா அதோட கனமும் வடிவமுமே விரலுக்கு வழி சொல்லிடும், வெறுங்கைன்னா எல்லாத்தையும் ஞாபகத்துல இருந்து எடுக்கணும். சில பசங்க விரலையே பிரஷ் ஆக்கி தேய்ப்பாங்க. 3, 4 வயசுல அது சகஜம்தான், நல்லா வளர்ந்த பிறகும் அப்படியே செஞ்சா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (தினசரி வேலைகளை செய்ய பழக்கற நிபுணர்) கிட்ட சொல்லுங்க, ஆனா அதை மட்டும் வெச்சு டிசிடின்னு முடிவு பண்ணிடாதீங்க.

பழக்கறப்ப எதிர்ல உக்காராதீங்க, பக்கத்துல உக்காருங்க, எதிர்ல இருந்தா இடது வலதை மாத்தி யோசிக்கற வேலை வேற சேந்துடும். முதல்ல நிஜ பிரஷ், அது வந்ததும் அதுக்கு பதிலா ஒரு பென்சில், அதுவும் வந்ததும் வெறுங்கை. வெறுங்கைக்கு போறப்ப கண்ணை மூடி "பிரஷ் கையில இருக்கு, எவ்வளவு தடிமன், எப்படி பிடிச்சிருக்க"ன்னு கேட்டு கற்பனை பண்ண வைங்க, அப்புறம் செய்ய சொல்லுங்க. அப்பவும் வரலைன்னா கையோட வடிவம், கை இருக்கற இடம், அசையற திசைன்னு பிரிச்சு ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும்.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமா படறது குழந்தையே யோசிக்கறது. கனடாவுல உருவான கோ-ஆப்ங்கற தெரபி முறையில இலக்கு, பிளான், செய், செக் பண்ணுன்னு நாலு படி இருக்கும், என்ன செய்யப்போறோம் எப்படி செய்யப்போறோம்னு குழந்தைதான் சொல்லணும். நீங்க "கையை மேல தூக்கு"ன்னு சொல்லாம "இப்ப கை எங்க இருந்துச்சு, வாய்கிட்ட வந்துச்சா"ன்னு கேளுங்க. பதில் வர டைம் ஆகும், காத்திருங்க! "கவனமா செய்"னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, எதை கவனிக்கணும்னு அதுல தகவலே இல்லையே.

எந்த சைகையில ஆரம்பிக்கறதுன்னா குழந்தைக்கு தினமும் வேணும்ங்கறதுல. டாட்டா காட்டறது, வான்னு கூப்பிடறது, நில்லுன்னு கை காட்டறது. இது தெரியாததால விளையாட்டுல ஒதுங்கி நிக்கற பசங்க இருக்காங்க, அதனாலதான் இவ்வளவு சொல்றேன். குழந்தைக்கு எடுக்கற சில அசைவு டெஸ்ட்ல அர்த்தமில்லாத விரல் வடிவங்களை காப்பி பண்ண சொல்வாங்க, வீட்ல அதை போட்டு பழக்க வேண்டாம். கொஞ்ச நேரம் போதும், சலிக்கறதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க, ஒரு இடத்துல வந்த சைகையை வேற இடத்துலயும் வேற ஆட்கள் முன்னாடியும் செய்ய விடுங்க, இல்லைன்னா அங்கயே நின்னுடும்.

5 வயசுக்கு முன்னாடி டிசிடின்னு பொதுவா உறுதி பண்ண மாட்டாங்க, ஆனா சந்தேகம் இருந்தா குழந்தை டாக்டரையும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டையும் இப்பவே பாக்கலாம். முன்னாடி நல்லா செஞ்சுட்டிருந்த ஒண்ணை குழந்தை இப்ப செய்ய முடியாம போனாலோ, ஒரு பக்க கை மட்டும் பலவீனமா தெரிஞ்சாலோ அது டிசிடி மாதிரி இல்ல, வீட்ல பழக்கிட்டு இருக்காம உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.