டிராப், ஸ்கீட் தட்டுகளுக்கு எந்த அளவு குண்டு?

டிராப், ஸ்கீட் என்பவை பறக்கும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கும் விளையாட்டின் இரு வகைகள். இவற்றுக்குத் தோட்டா வாங்கப் போகிறவர் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது 7½, 8, 9 என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்ணை அல்ல. அதன் அருகில் சிறிய எழுத்தில் தரப்பட்டிருக்கும் மில்லிமீட்டர் அளவையே. எண் கூடக் கூடக் குண்டு சிறுத்துக்கொண்டே போகும் என்பது பொதுவான வழக்கம்தான் என்றாலும், ஒரே எண் எல்லா நாடுகளிலும் ஒரே விட்டத்தைக் குறிப்பதில்லை. அமெரிக்க முறையில் 17-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால், குண்டின் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்பது கிடைத்துவிடும்: 7½ என்றால் 0.095 அங்குலம், அதாவது 2.4 மி.மீ.; 8 என்றால் 2.3 மி.மீ.; 9 என்றால் 2.0 மி.மீ. பிரிட்டிஷ் அட்டவணையிலோ 2.4 மி.மீ. குண்டுக்கு உரிய எண் 7. அங்கே 8 என்பது 2.2 மி.மீ. ஆகவே இக்கட்டுரையில் எண் வரும் இடமெல்லாம் அமெரிக்க முறையையே பின்பற்றுகிறேன்.

சர்வதேசச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் ஒரு தோட்டாவில் 24 கிராமுக்கு மேல் குண்டு இருக்கக் கூடாது. குண்டின் விட்டமும் 2.6 மி.மீ.க்கு மிகக் கூடாது. எடைக்கு இப்படி வரம்பு இருப்பதால், குண்டு பெரிதாக வேண்டுமா, எண்ணிக்கை அதிகமாக வேண்டுமா என்பதுதான் சுடுபவர் முன் நிற்கும் கேள்வி. 24 கிராம் ஈயத்தில் 7½ அளவுக் குண்டுகள் ஏறத்தாழ 300 அடங்கும். 8 என்றால் 345 அளவில். 9 என்றால் 500 வரை. மறுபுறம், 2.4 மி.மீ. குண்டின் எடை 2.0 மி.மீ. குண்டின் எடையைப் போல் 1.7 மடங்கு. எடை குறைந்த குண்டைக் காற்று விரைவில் தளர்த்திவிடுகிறது. எனவே புறப்படும் வேகம் ஒன்றாகவே இருந்தாலும் தொலைவு கூடக் கூட இவ்விரண்டுக்கும் இடையிலான வலிமை வேறுபாடு பெருகிக்கொண்டே போகும்.

தட்டு எந்தத் தொலைவில் உடைகிறது, அப்போது அதன் எந்தப் பக்கம் நம்மை நோக்கியிருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே குண்டின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தட்டின் விட்டம் 110 மி.மீ., உயரம் 25 மி.மீ. அளவு, எடை 105 கிராம். டிராப்பில் அது நம்மை விட்டு விலகிப் பறப்பதால் பெரும்பாலும் விளிம்பு மட்டுமே கண்ணில் படும். தட்டின் உறுதியான பகுதியும் அதுதான். ஸ்கீட்டில் தட்டு குறுக்கே கடந்து செல்வதாலும் தொலைவு குறைவு என்பதாலும், மெல்லிய மேற்பரப்போ அடிப்பாகமோ கூடுதலாகத் தெரியும். ஒன்றிரண்டு குண்டுகள் துளைத்துக்கொண்டு போய், தட்டு முழுதாகவே பறந்துவிடுவதும் உண்டு. தூசி மட்டும் கிளம்பினால் புள்ளி கிடையாது. கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டாவது உடைந்து விழ வேண்டும்.

ஸ்கீட்டில் முடிவெடுப்பது எளிது. சுடும் நிலைகள் 19.2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லில் அமைந்திருப்பதால் பெரும்பாலான தட்டுகள் 20 மீட்டருக்கு அப்பால் போவதற்குள் உடைக்கப்பட்டுவிடும்; எட்டாவது நிலையில் தொலைவு இன்னும் குறைவு. அங்கே 2.0 மி.மீ. குண்டுக்குத் தேவையான வலிமை தாராளமாக இருக்கிறது. 500 குண்டுகளின் அடர்த்தியும் கிடைக்கிறது. எனவே 9, அதனுடன் ஸ்கீட் சோக் (சோக் என்பது குண்டுகளின் பரவலைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்).

டிராப்பில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியிட்ட இந்தப் பிரிவில், தட்டு வீசும் இயந்திரங்கள் சுடும் கோட்டுக்கு 15 மீட்டர் முன்னால் பள்ளத்தில் இருக்கின்றன. தட்டு 76 மீட்டர் தொலைவு வரை போகும்படி வீசப்படுகிறது. கை வேகமான வீரரும் முதல் தோட்டாவால் அதைத் தொடும்போது அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். இரண்டாவது தோட்டா சேரும்போது 40 மீட்டரை நெருங்கியோ கடந்தோ இருக்கும். அந்தத் தொலைவில் விளிம்பை மட்டும் காட்டும் தட்டை உடைக்க 9 போதாது. இரண்டாம் குழலுக்கு 7½ என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. முதல் குழலுக்கு 8 போட்டால் கூடுதலாக நாற்பதுக்கு மேற்பட்ட குண்டுகள் கிடைக்கின்றன. தட்டை விரைந்து பிடிப்பவருக்கு அது பயன்படும். ஆனால் புதிதாகப் பழகுபவர் இரண்டு குழலுக்கும் 7½ வைத்துக்கொள்வதே நல்லது. தட்டை எங்கே உடைக்கிறோம் என்பது அவருக்கு இன்னும் நிலைப்பட்டிருக்காது; அவசரத்தில் தோட்டாக்களைக் குழல் மாற்றிப் போட்டுவிடும் வாய்ப்பும் இராது.

அமெரிக்க டிராப்பில் 7½ அளவைவிடப் பெரிய குண்டுக்கு அனுமதி இல்லை. அங்கே 16 கஜக் கோட்டிலிருந்து சுடும்போது 8 போதும். 27 கஜம் வரை பின்னுக்குத் தள்ளப்படும் ஹேண்டிகேப் சுற்றுகளுக்கு 7½ வேண்டும். ஸ்போர்ட்டிங் களங்களில் ஒவ்வொரு நிலையும் ஒவ்வொரு தொலைவு என்பதால், 8 அளவைப் பொதுவாக வைத்துக்கொண்டு, தொலைதூரத் தட்டுகளுக்கு மட்டும் 7½ எடுக்கலாம்.

இவ்வளவையும் படித்தபின் தாளில் சுட்டுப் பார்க்காமல் பெட்டி பெட்டியாக வாங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு சோக்குக்கும் ஏற்றபடி ஒரே தோட்டாவின் பரவல் மாறும். ஒரு மீட்டருக்குக் குறையாத அகலமுள்ள தாளைக் கட்டி, வழக்கமான 40 கஜத்தில் அல்லாமல், நீங்கள் உண்மையில் தட்டை உடைக்கும் தொலைவில் நின்று சுடுங்கள். ஒவ்வொரு சுடுதலுக்கும் புதிய தாள் வேண்டும். ஒரே தாளை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அடர்த்தியான பகுதியை நடுவாக வைத்து 76 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைந்து, 11 செ.மீ. நீளமும் 2.5 செ.மீ. அகலமும் உள்ள அட்டைத் துண்டு ஒன்றை அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். டிராப்பில் நீங்கள் காணும் தட்டின் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். அட்டைக்கு அடியில் ஒரு துளைகூட இல்லாத இடங்கள் வட்டத்தின் நடுப்பகுதியிலேயே பல இருந்தால், முதலில் சோக்கை ஒரு படி இறுக்கிப் பாருங்கள். குண்டின் அளவை மாற்றுவது அதற்கடுத்த வேலை.

ஈயத்தின் கடினத்தையும் கவனிக்க வேண்டும். ஆன்டிமனி குறைவாகக் கலந்த மென்மையான குண்டுகள் குழலுக்குள்ளேயே நசுங்கி, உருண்டை வடிவம் கெட்டு, விலகிப் பறக்கின்றன. பெட்டியில் 300 என்று கணக்கிட்டாலும் வட்டத்துக்குள் சேர்வது குறைந்துவிடும். கூடுதல் வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் கடினமான குண்டுக்குக் கொடுப்பது மேல் என்பேன்.

டென்மார்க், நெதர்லாந்து போன்ற ஈயக் குண்டுக்குத் தடையுள்ள நாடுகளில் எஃகுக் குண்டுதான் கிடைக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகின் அடர்த்தி 7.8 மட்டுமே, அதனால் ஈயத்துக்குச் சொன்னதைவிட எண்ணில் இரண்டு குறைந்த, அதாவது அளவில் பெரிய குண்டை எடுப்பது பொது விதி. ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் 2.6 மி.மீ. வரம்பு குறுக்கே நிற்பதால் 2.5 மி.மீ. அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பழைய துப்பாக்கியாக இருந்தால் அதன் குழலும் சோக்கும் எஃகைத் தாங்கும் என்று துப்பாக்கி பழுதுபார்ப்பவர் உறுதிசெய்யும் வரை அதைப் போடவே கூடாது.

குண்டு பெரிதானால் அது போய் விழும் தொலைவும் கூடும். ஈயக் குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200-ஆல் பெருக்கினால் அது எட்டக்கூடிய அதிகபட்சத் தொலைவு கஜத்தில் ஏறத்தாழக் கிடைக்கும்: 9 அளவு 160 மீட்டர் வரையிலும் 7½ அளவு 190 மீட்டர் வரையிலும் போகும். தளங்கள் குண்டின் அளவுக்கு உச்சவரம்பு விதிப்பதற்கு இதுவே முதன்மையான காரணம். எனவே புதிய தளத்துக்குச் செல்பவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அங்குள்ள பொறுப்பாளரிடம் அந்த வரம்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.