கோர்ஸில் சேருவதற்கு முன் ஒரு கேள்வி: ஆன்லைனில் மறுவாழ்வு சிகிச்சை படிக்கிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி பார்க்கிறவர்கள், சின்ன ஆஸ்பத்திரியில் தனி ஆளாக இருக்கிற பிசியோ, நர்ஸ், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர் ஊராகப் போய்வருகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி வகுப்பு என்றால் நமக்கு மதுரை, திருச்சி, இல்லாவிட்டால் சென்னை. போனால் இரண்டு நாள் வருமானம் போச்சு, பார்த்துக்கொண்டிருக்கும் நோயாளிக்கும் இரண்டு நாள் பயிற்சி விட்டுப்போகும். அதனால் ஆன்லைனில் படிப்பது நல்ல வழிதான், ஆனால் எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறோம்.

நானும் விட்டிருக்கிறேன். ஊரடங்குக் காலத்தில் பதினோரு சர்டிபிகேட் சேர்த்தேன். அதில் ஒன்றுக்கு நாலாயிரம் ரூபாய் கட்டினேன், அதை ஒரு மெஷின் விற்கிற கம்பெனி நடத்தியது, மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் அந்த மெஷினின் பெருமைதான். பதினொன்றும் இப்போது ஒரு ஃபைலில் தூங்குகின்றன. என் கை வேலையை மாற்றியது அவற்றில் ஒன்றுகூட இல்லை.

மாற்றியது ஒரு கயிறு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோன ஆச்சி ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தேன். வளவில் (வீட்டு நடுவில் இருக்கிற முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) தேக்கு உத்திரம் இருக்கிறதே என்று அதில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றின் இரண்டு முனையிலும் பிடி கட்டி, நல்ல கையால் இழுத்து வராத கையைத் தூக்கச் சொல்லியிருந்தேன். கல்லூரியில் பார்த்தது, எல்லா ஆஸ்பத்திரியிலும் தொங்குவது, யாரும் கேள்வி கேட்டதில்லை. பத்து நாள் கழித்து ஆச்சி சொன்னார், "தம்பி, இந்தக் கயித்துக்கு அப்புறம்தான் தோள்பட்டை ராத்திரி பூரா குத்துது, இத விட்டுருவமா?" அவர் சோம்பேறித்தனத்தில் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்று ராத்திரி தேடிப் பார்த்தேன். 1990லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. பக்கவாதம் வந்தவர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: தெரபிஸ்ட் கையால் அசைத்துவிட்டவர்களில் 8 சதவீதத்தினருக்கும், சக்கரப் பலகையில் கையை வைத்து நகர்த்தியவர்களில் 12 சதவீதத்தினருக்கும் தோள் வலி வந்தது, தலைக்கு மேல் கப்பி இழுத்தவர்களில் 62 சதவீதத்தினருக்கு. ரொம்பச் சின்ன ஆய்வு, முப்பது பேர்கூட இல்லை, அதை மட்டும் வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் காரணம் யோசித்தால் புரிகிறது. வாதம் வந்த தோளில் தோள்பட்டை எலும்பு கையோடு சேர்ந்து மேலே திரும்புவதில்லை. கையும் வெளிப்பக்கம் திரும்புவதில்லை. நல்ல கை வெடுக்கென்று இழுக்கும்போது நடுவில் இருக்கிற தசைநாண்கள் எலும்புக்கு இடையில் நசுங்குகின்றன. மறுநாள் கப்பியைக் கழற்றிவிட்டேன், மேசை மேல் துண்டை விரித்துக் கையை அதன் மேல் வைத்து நகர்த்தும் பயிற்சிக்கு மாறினோம்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இதுதான். கோர்ஸைத் தேடாதீர்கள், உங்கள் நோயாளி ஒருவரிடமிருந்து ஒரு கேள்வியை எடுங்கள். அதை நாலு துண்டாக ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன செய்யப் போகிறோம், எதோடு ஒப்பிட்டு, எது மாற வேண்டும். 'பக்கவாதத்துக்கு எது நல்லது' என்று தேடினால் கடலில் விழுந்த மாதிரி. 'வாதம் வந்து ஒரு மாதம் ஆன, கை கொஞ்சம்கூட அசையாத ஒருவருக்கு, கண்ணாடிப் பயிற்சி கொடுத்தால், வழக்கமான பயிற்சியைவிடக் கை அசைவு கூடுமா' என்று தேடினால் அரைமணியில் பதில் கிடைக்கும். (கிடைக்கிறது: ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் என்ற அமைப்பின் 2018 தொகுப்பாய்வு 62 ஆய்வுகளையும் 1982 பேரையும் சேர்த்துப் பார்த்து, மற்ற சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்தால் கை அசைவு மேம்படுகிறது என்று சொல்கிறது. நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடி இதற்கு உதவாது, இரண்டு கைக்கும் நடுவில் மேசை மேல் நிற்கிற மாதிரி சின்னக் கண்ணாடி வேண்டும், நல்ல கையை அசைத்தால் வராத கையே அசைவது போல அதில் தெரியும்.)

தேட இரண்டு இடம் போதும். முதலாவது பெட்ரோ (PEDro). சிட்னியில் 1999இல் தொடங்கிய இலவசத் தளம், பிசியோதெரபி ஆய்வுகள் மட்டும்தான் இருக்கும், தமிழிலும் பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டு பிரிவை ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வுகளுக்குப் பத்துக்கு எத்தனை என்று தரமதிப்பெண் போட்டிருப்பதுதான் இதில் நமக்குப் பெரிய வசதி. ஒன்று மட்டும் கவனம், பத்துக்குப் பத்து எதிர்பார்க்காதீர்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கொடுப்பவரிடமிருந்தும் நோயாளியிடமிருந்தும் மறைத்தால் ஒவ்வொரு மதிப்பெண் உண்டு. நான் என்ன பயிற்சி கொடுக்கிறேன் என்பதை என்னிடமிருந்தே மறைக்க முடியாதே, நோயாளிக்கும் தெரிந்துவிடும், அந்த இரண்டு மதிப்பெண் உடற்பயிற்சி ஆய்வுகளுக்கு அநேகமாகக் கிடைக்காது. எட்டு வாங்கினால் முதல் வகுப்பு. இரண்டாவது காக்ரேன், அதில் எளிய மொழிச் சுருக்கங்கள் இலவசம், பல தமிழிலேயே இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வியும் கொஞ்சம் பதிலும் கையில் இருக்கும்போதுதான் கோர்ஸ் உதவும். தண்டுவடக் காயம் என்றால், உலகத் தண்டுவடச் சங்கம் நடத்தும் இ-லேர்ன் எஸ்சிஐ (elearnSCI) தளம் இலவசம், டாக்டர், நர்ஸ், பிசியோ, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) என்று துறைக்குத் தனித்தனிப் பாடம் உண்டு. பொதுவாகப் படிக்கப் பிசியோபீடியா (Physiopedia) என்ற இணையதளம். பணம் கட்டுகிற கோர்ஸ் என்றால் கட்டுவதற்கு முன் மூன்றே விஷயம் பாருங்கள். சொல்லித்தருகிறவர் எந்த ஆய்வைச் சொல்கிறார் என்பது வருடத்தோடு இருக்கிறதா, 'இது வேலை செய்யாது' என்று எதைப் பற்றியாவது ஒரு இடத்திலாவது சொல்கிறாரா, கடைசியில் ஏதாவது வாங்கச் சொல்கிறாரா. எல்லாமே வேலை செய்யும் என்கிற கோர்ஸ் சந்தைக்கடை. சர்டிபிகேட் முக்கியம் என்றால், அது உங்கள் வேலையிடத்தில் எடுபடுமா என்று பணம் கட்டும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

கை வேலையை வீடியோவில் கற்றுக்கொள்ள முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைப் பத்துத் தடவை பார்த்தாலும் பதினோராவது தடவை முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு நண்பரை நோயாளியாக உட்காரவைத்துச் செய்து பாருங்கள், செல்போனில் எடுத்து அதையே திரும்பப் பாருங்கள். நோயாளியை எடுக்காதீர்கள், எடுத்தே ஆகவேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, முகம் தெரியாமல்.

இப்போது ஆய்வைப் படிக்கும் விதம். இதில்தான் அதிகம் சறுக்குகிறோம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவிடுகிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லோரும் நம்பினோம். 2015இல் அவெர்ட் என்ற ஆய்வு லான்செட்டில் வந்தது, ஐந்து நாடுகளில் 2104 நோயாளிகள். ஒரு பிரிவை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி, நிறைய நேரம் பயிற்சி கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு அந்தந்த ஆஸ்பத்திரியின் வழக்கமான சிகிச்சை. மூன்று மாதம் கழித்து நல்ல நிலையில் இருந்தவர்கள் முதல் பிரிவில் 46 சதவீதம், வழக்கமான பிரிவில் 50. தலைப்பை மட்டும் படித்தவர், 'அப்போ படுக்கையிலேயே விட்டுவிடணும்' என்று முடிவுகட்டுவார். உள்ளே போய்ப் பாருங்கள்: வழக்கமான பிரிவிலும் பாதிப் பேர் சுமார் 22 மணி நேரத்துக்குள் எழுந்துவிட்டார்கள், முதல் பிரிவில் பாதிப் பேர் பதினெட்டரை மணி நேரத்துக்குள். ஆக, ஒப்பிட்டது படுத்திருந்தவர்களோடு அல்ல, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் குறைவாக எழுந்தவர்களோடு. முதல் நாளிலேயே நீண்ட நேரம் போட்டு வாட்டாதீர்கள் என்பதுதான் அதில் நமக்கு உள்ள செய்தி. எந்த ஆய்வானாலும் முடிவைப் பார்க்கும் முன், எதிர்ப்பக்கத்துப் பிரிவு என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

அடுத்தது நம் நாட்டு ஆய்வு, அட்டெண்ட், 2017. இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள், 1250 பேர். வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அவர்களே வீட்டில் செய்துவிட்டால் பலன் உண்டா என்று பார்த்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் அடுத்தவர் துணை தேவைப்பட்டவர்களும் சேர்ந்து இரண்டு பிரிவிலும் 47 சதவீதம், வித்தியாசமே இல்லை. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் மனசு விட்டுப்போனது உண்மை, ஏனென்றால் நான் பார்க்கிற பாதி வீடுகளில் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஆச்சியும் சமையலுக்கு வரும் அம்மாவும் மட்டும்தான், அந்த அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதை நம்பித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. வீட்டார் செய்வது வீண் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் சேர்த்ததில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்று சொல்கிறது. ஆனால் 'சொல்லிக்கொடுத்துவிட்டேன், இனி அவர்கள் பாடு' என்று கைகழுவ எனக்கு இருந்த சாக்கு போய்விட்டது. வாரம் ஒரு தடவையாவது போய்ப் பார்க்கிறேன்.

தனியாகப் படித்தால் மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும், இது நிச்சயம். மூன்று நாலு பேர் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம், ஒரு நர்ஸோ ஓ.டி.யோ கட்டாயம் இருக்கட்டும். நாங்கள் செவ்வாய் ராத்திரி ஒன்பதரைக்குக் கூகுள் மீட்டில் கூடுகிறோம், முக்கால் மணி நேரம், ஒருவர் ஒரு நோயாளியின் கேள்வியைப் பெயர் ஊர் சொல்லாமல் வைப்பார், இன்னொருவர் ஒரு ஆய்வைப் படித்துவிட்டு வந்து சொல்வார். கரண்ட் போகும், யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேட்கும், பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் குவிப்பதை மட்டும் தடைசெய்தோம், குவிந்ததை யாரும் படிக்கவே இல்லை.

கடைசி வேலை அளப்பது. படித்ததை மாற்றிச் செய்தீர்கள் சரி, மாறியதா என்று எப்படித் தெரியும்? 'நல்லா இருக்கு தம்பி' என்று ஆச்சி சொல்வதில் பாதி உங்கள் மேல் உள்ள பிரியம். நடப்பவர்களுக்குப் பத்து மீட்டர் நடையே போதும், ஸ்டாப்வாட்ச் செல்போனில் இருக்கிறது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம். நொடிக்கு 0.4 மீட்டருக்குக் கீழே என்றால் வீட்டுக்குள் நடை, 0.8ஐத் தாண்டினால் தெருவில் தாராளமாக நடக்கலாம் என்பது பரவலாக வைத்திருக்கும் கணக்கு. வாதம் வந்து முதல் இரண்டு மாதத்துக்குள் இருப்பவர்களுக்கு 0.16 கூடினால் அது நோயாளிக்கே உறைக்கும் மாற்றம். மூன்றாவது வாரத்தில் 25 நொடி எடுத்தவர் ஏழாவது வாரத்தில் 17 நொடிக்கு வந்தால், 0.4இலிருந்து 0.59, தைரியமாகச் சொல்லலாம்.

பத்து மீட்டருக்கு இடம் எங்கே என்று நம்மூரில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நிலைப்படி குறுக்கே வராத நீளம் வேண்டும், வளவுச் சுற்றின் நீளப் பக்கம்தான் வழக்கமாகச் சரிப்படும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு மீட்டர் விட்டுவிடுங்கள், வேகம் பிடிக்கவும் நிற்கவும். தரை ஈரமாக இருந்தால் அன்று வேண்டாம், தரையில் பதித்திருக்கிற பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் வழுக்கும். நான் முதலில் சாக்பீஸில் கோடு போட்டேன், மறுவாரம் போனால் வீடு துடைக்கிறவர் சுத்தமாகத் துடைத்திருந்தார், டேப் ஒட்டினால் பூக்கல்லில் பசை பிடிக்குதென்று திட்டு. இப்போது கல்லை எண்ணிவிடுகிறேன். பத்து அங்குலக் கல் என்றால் 39 கல்லும் அடுத்ததில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடவும், எட்டு அங்குலம் என்றால் 49 கல்லும் அடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடவும். எந்தத் தூணிலிருந்து எண்ண ஆரம்பித்தேன் என்பதை மட்டும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.