பக்கத்தில் ஏசி காபி ஷாப் வந்துவிட்டதா? பாஸ்ட்புட் கடையில் காபி போடும் முறை

மதுரையில் பாஸ்ட்புட் என்றால் பர்கர் இல்லை. சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்து முட்டை ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன் என்று ராத்திரி பதினொன்றரை வரை சட்டி தட்டுகிற கடைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். திருநகரில் என் கடையும் அந்த ஜாதிதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி, மூன்று ஸ்டூல், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்கு முன்னால் சென்னையில் ஒரு பர்கர் சங்கிலிக் கடையில் ஆறு வருடம் ஷிப்ட் பார்த்தேன். ஆக, ரெண்டு வகைப் பாஸ்ட்புட்டும் எனக்குத் தெரியும்.

என் கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கண்ணாடிக் கதவு வைத்த காபி ஷாப் ஒன்று திறந்தது. காபி 190 ரூபாய். "அந்த விலைக்கு எவன் போவான்" என்று சிரித்தேன். போனார்கள். முட்டை ரைஸ் சாப்பிட்டுவிட்டு என் கடை வாசலில் நின்று அரட்டை அடித்த காலேஜ் பிள்ளைகள், ஒரே மாதத்தில் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், நான் செய்த முதல் வேலையை மட்டும் செய்யாதீர்கள். 85,000 ரூபாய் கொடுத்துப் பழைய எஸ்பிரசோ மெஷின் ஒன்று வாங்கினேன். நுரையில் இலை வரையலாம் என்று கனவு. எனக்கு வந்தது இலை இல்லை, அமீபா. நாலு மாதத்தில் 40,000-க்குத் தள்ளிவிட்டேன்.

நான் வேலை பார்த்த தொழிலே சொல்லிக் கொடுத்த பாடத்தை மறந்ததுதான் தப்பு. மெக்டொனால்ட்ஸ் காபி ஷாப்காரர்களோடு மோதிய வரிசையைப் பாருங்கள். 1993-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மெக்கஃபே என்று கடைக்குள்ளேயே காபிக்குத் தனி மூலை ஒதுக்கிப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2006-இல் சாதாரணக் காபியின் கொட்டையை மாற்றித் தரத்தை ஏற்றினார்கள். லாட்டே, கப்புச்சினோ எல்லாம் நாடு முழுக்க வந்தது 2009-இல்தான். முதலில் சாதாக் காபி, அப்புறம்தான் நுரை. இந்தியாவிலும் ஸ்டார்பக்ஸ் 2012-இல் மும்பையில் கடை போட்டது, மறு வருடமே மெக்கஃபேயும் அதே மும்பையில் வந்துவிட்டது. அமெரிக்கச் சங்கிலிக் கடையான டங்கின் டோனட்ஸ் 2019-இல் பெயரிலிருந்த டோனட்ஸையே வெட்டிவிட்டது, ஏனென்றால் அங்கே விற்பனையில் பெரும்பங்கு குடிக்கிற சாமான்தான்.

நமக்குச் சாதாக் காபி என்றால் பில்டர் காபி. அதை ஒழுங்காகப் போடுவதுதான் இந்தக் கட்டுரையில் பாதி.

தூளும் தண்ணீரும்

பாக்கெட் தூள் வேண்டாம். வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடையில் சொல்லி வாங்குங்கள். சிக்கரி (வறுத்து அரைத்த ஒரு செடியின் வேர்) கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. விலை மலிவாகக் கிடைக்கிற தூள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் நிற்கும். அதில் போட்ட காபி கறுப்பாக இருக்கும், வாயில் கருகிய வெல்லம் மாதிரி ஒட்டும். நான் கிலோவுக்கு 400 கிராம் அராபிகா, 350 ரோபஸ்டா, 250 சிக்கரி என்று சொல்லி வாங்குகிறேன். அராபிகாவும் ரோபஸ்டாவும் காபிக் கொட்டையில் ரெண்டு வகை. அராபிகா வாசத்துக்கு, ரோபஸ்டா பாலுக்கு ஈடுகொடுக்கிற கனத்துக்கு, சிக்கரி நிறத்துக்கும் டிகாஷன் நிதானமாக இறங்குவதற்கும். நம் பக்கத்திலேயே தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் சிறுமலையிலும் காபி விளைகிறது. கேட்டால் அந்தக் கொட்டையையே வறுத்துத் தருகிற கடைக்காரர்கள் உண்டு. மூன்று நாளுக்கு மேல் தேவையானதை ஒரே தடவையில் அரைத்து வைக்காதீர்கள். டப்பாவைத் திறந்ததும் வாசம் மூக்கில் ஏறவில்லை என்றால் டம்ளரிலும் ஏறாது.

தண்ணீரை யாரும் யோசிப்பதில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் முதல் வாரம் போட்ட காபி, என்ன தூள் போட்டாலும் தட்டையாக, நாக்கில் சப்பென்று இருந்தது. கேன் தண்ணீருக்கு மாறியதும் அதே தூள் வேறு தூள் மாதிரி ஆனது. டிகாஷனுக்குத்தானே, ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் போதும்.

டிகாஷன்

இதில் மட்டும் அவசரம் கூடாது. பாஸ்ட்புட் கடைக்காரனுக்கு இதுதான் கஷ்டம், நம் கை சும்மா இருக்காது.

100 கிராம் தூளுக்கு 500 மில்லி தண்ணீர். பில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைக் கொட்டி லேசாகச் சமன் செய்யுங்கள். அழுத்தி அமுக்கினால் அடைத்துக்கொள்ளும், அமுக்காமலே விட்டால் தண்ணீர் ஓடிவிடும். குடையை (பில்டரோடு வருகிற, காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) வைத்து இரண்டு விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் ஊற்றி, அது உப்பி வரும்வரை பொறுத்து, பிறகு மீதியைச் சுற்றிச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் பில்டரைத் தட்டுவது, கரண்டியால் கிண்டுவது எல்லாம் தூளைக் கீழே இறக்கிக் கசப்பைத்தான் கூட்டும்.

இதில் ஏறக்குறைய 300 மில்லி கெட்டி டிகாஷன் கிடைக்கும். பத்து காபி. எனக்கு நாலு மணிக்குக் கூட்டம், அதனால் மூன்றே காலுக்கு முதல் பில்டர், மூன்றரைக்கு அடுத்தது. இப்படி மாற்றி மாற்றி ஓட மூன்று பில்டர் வைத்திருக்கிறேன். இறங்கிய டிகாஷனை அடுப்பில் வைக்கவே கூடாது. வெந்நீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் டிகாஷன் சொம்பை உட்கார வைத்தால் சூடு நிற்கும்.

எவ்வளவு நேரம்? நான் இருந்த சங்கிலிக் கடையில் போட்ட காபி அரை மணி நேரம் தாண்டினால் கொட்ட வேண்டும், டைமர் கத்தும். டிகாஷனுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம், மூன்று மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள். அதே தூளில் திரும்ப வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிகாஷன் எடுத்து முதல் டிகாஷனோடு கலக்கிற பழக்கம் நிறையக் கடையில் உண்டு. அதை நானும் அடுப்படிப் பையன்களும் குடிப்போம், கல்லாவுக்கு எடுத்துப் போக மாட்டோம்.

பால் விஷயம் சுருக்கம்தான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. நீலத்தில் காபி போட்டால் டிகாஷன் பாலைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆரஞ்சு அல்லது அதற்கு ஈடான கறந்த பால். இரண்டு லிட்டர் இரண்டு லிட்டராகக் காய்ச்சுங்கள். சாயங்காலம் முழுக்க ஒரே சட்டி பால் கொதித்துக்கொண்டே கிடந்தால் பால்கோவா வாசம் வந்துவிடும்.

பூண்டு வாசம்

முதல் வாரம் எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்ப்பா, காபில பூண்டு வாசம் அடிக்குது." அடிக்கத்தான் செய்தது. சில்லி சிக்கன் சட்டிக்கு நாலடி தள்ளிப் பில்டர் வைத்திருந்தேன். சோயா, வினிகர், மிளகாய் நெடி எல்லாம் பாலில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, என் மூக்கு செத்து வருடக் கணக்காகிறது.

இதே வம்பில் ஸ்டார்பக்ஸே மாட்டியது. பாஸ்ட்புட் கடை காபிக்குள் நுழைந்த அதே காலத்தில் அவர்கள் காலைச் சாப்பாட்டுக்குள் நுழைந்து சூடான சாண்ட்விச் விற்றார்கள். ஓவனில் சீஸ் கருகிய வாசம் காபி வாசத்தை அமுக்குகிறது என்று 2008-இல் அந்தச் சாண்ட்விச்சையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். பிறகு செய்முறையை மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நமக்கு நிறுத்த முடியாது, சட்டிதான் சோறு போடுகிறது. அதனால் காபியை வாசல் பக்கம் நகர்த்துங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் எதிர் மூலைக்கு. பாலும் தூளும் எப்போதும் மூடியிருக்கட்டும். காபி டம்ளர் கழுவும் தொட்டியும் தேய்க்கிற நாரும் தனி, எண்ணெய்த் தட்டு கழுவிய கை அதைத் தொடக் கூடாது. நான் இன்னொன்றும் செய்தேன். முன்பு ஆறு மணிக்குத் திறந்த கடையை இப்போது நாலு மணிக்குத் திறக்கிறேன். ஆறரை வரை சட்டி ஏறாது, வெறும் காபி, கூட முட்டை பப்ஸ். வாடகை இருபத்திநாலு மணி நேரத்துக்கும் ஒன்றுதானே.

ஆள்

பழகிய டீ மாஸ்டர் வேண்டும் என்றுதான் தேடினேன். வந்தார். "மாஸ்டர், டிகாஷனை அளந்து ஊத்துங்க" என்றேன். "இருபது வருசமா ஊத்துற கை தம்பி இது" என்றார். கை நல்ல கைதான். ஆனால் கூட்டம் வந்தால் டிகாஷன் குறையும், அவருக்குப் பிடித்த ஆள் வந்தால் கூடும். காபி ஷாப்பில் 190 கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான்? நேற்றுக் குடித்ததே இன்றும் வரும் என்பதற்கும் சேர்த்துத்தான். கடைசியில் ஒன்றும் தெரியாத பையன் ஒருவனை எடுத்தேன். கையில் டிகாஷனுக்கு 30 மில்லி பிடிக்கிற குவளை ஒன்று, பாலுக்கு 80 மில்லி பிடிக்கிற கரண்டி ஒன்று. சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், கேட்டால் குறைக்கலாம். அவ்வளவுதான் படிப்பு.

2008 பிப்ரவரி 26 அன்று ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் 7,000-க்கும் மேற்பட்ட கடைகளைச் சாயங்காலம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் பூட்டிவிட்டு, ஆட்களுக்குக் காபி போடுவதைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது. நானும் ஒரு திங்கட்கிழமை பூட்டினேன். பையன் நாற்பது காபி போட்டான், ஆட்டோ ஸ்டாண்டில் அண்ணன்மார் குடித்துத் தீர்த்தார்கள். "இது தண்ணி", "இது மருந்து" என்று தயங்காமல் சொன்னார்கள். முப்பதாவது காபிக்குமேல் யாரும் குறை சொல்லவில்லை, ஒருவேளை தூக்கம் போன பயமோ என்னவோ.

விலை

என் கணக்கை அப்படியே தருகிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். தூள் கிலோ 700 ரூபாய், ஒரு காபிக்கு 10 கிராம், 7 ரூபாய். பால் லிட்டர் 60, ஒரு காபிக்கு 80 மில்லி, 4 ரூபாய் 80 காசு. சர்க்கரையும் கேஸும் சேர்த்து ஒன்றேகால், ஒன்றரை. 13 ரூபாய் சொச்சம் ஆகிறது. 25-க்கு விற்கிறேன். ஒரு நாளைக்கு 90 காபி போனால் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதில் பையன் சம்பளம் 500.

பார்த்தால் பெரிய காசு இல்லை. ஆனால் காபிக்கு நின்றவன் ஆறரைக்குச் சட்டிச் சத்தம் கேட்டால் "அண்ணே, ஒரு முட்டை ரைஸ்" என்கிறான். எனக்கு அதுதான் கணக்கு. டீக்கடைக்காரரோடு விலையில் போட்டி போடாதீர்கள், அவருக்குக் காபி பக்கவாட்டுச் சரக்கு, விலையை இறக்கினால் அவர் உங்களைவிட இறக்குவார். காபி ஷாப்பைப் பார்த்து 60, 70 என்று ஏற்றவும் வேண்டாம். அங்கே காசு ஏசிக்கும் நாற்காலிக்கும் இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பாமல் இருப்பதற்கும். ஸ்டூலைக் கூட்டிப் போட்டு அதோடு மோத முடியாது. நான் இருந்த மூன்று ஸ்டூலில் இரண்டை எடுத்துவிட்டு, முழங்கை உயரத்துக்கு ஒரு கல் பலகை பதித்தேன். நின்று குடிக்கிறவன் ஏழு நிமிடத்தில் கிளம்புகிறான், அடுத்தவனுக்கு இடம் இருக்கிறது. லேப்டாப்போடு வருகிறவருக்கு நானே அந்தக் கண்ணாடிக் கதவைக் கைகாட்டி விடுகிறேன்.

பேப்பர் கப் வேண்டாம். பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி முதலே தமிழ்நாட்டில் தடை, அது போக அந்த மெழுகு வாசம். டபரா செட் நாற்பது வாங்குங்கள். பார்சல் கேட்டால் பிளாஸ்க் கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவந்தால் காபிக்கு 2 ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள். தெருவில் வீட்டுக்காரப் பெண்கள் விருந்தாளி வந்தால் இப்போது பிளாஸ்க்கோடுதான் வீட்டுப் பிள்ளையை அனுப்புகிறார்கள்.

சித்திரையில் வெயில் நாற்பது டிகிரியில் நிற்கும்போது சூடான காபி பாதியாகப் படுத்துவிடும். அப்போது ஜிகர்தண்டா போடலாமா என்று தோன்றும். மதுரையில் இருந்துகொண்டு அந்த வேலைக்குப் போகாதீர்கள், கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அதே டிகாஷனைக் கெட்டியாக எடுத்து, சர்க்கரையைச் சூட்டிலேயே கரைத்து ஆறவிட்டு, குளிர்ந்த பாலில் ஊற்றினால் கோல்டு காபி. ஐஸ் கட்டியை அரைக்காதீர்கள், நீர்த்துவிடும். 40 ரூபாய்.

ராத்திரி கடை மூடும்போது பில்டரைச் சோப்புப் போட்டுத் தேய்க்க விடாதீர்கள், அந்த வாசம் மறுநாள் டிகாஷனில் வரும். வெந்நீரும் நாரும் போதும். வாரத்துக்கு ஒரு தடவை மேல் பாத்திரத்தின் அடிப்பக்கத்தை அடுப்புத் தீயில் காட்டினால் ஓட்டைகளில் அடைத்த தூள் கருகி உதிர்ந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், எல்லா ஓட்டையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். இதைப் பையனிடம் விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நானே பார்க்கிறேன்.