ஸ்டார்ட் ஆகிறது, உடனே அணைகிறது: காரில் எங்கே தேடுவது?

என் பழைய பெட்ரோல் கார் ஒரு நாள் காலையில் உறுமியது. நான்கு விநாடியில் அடங்கியது. மறுபடியும் அதேதான். யாரோ சொன்னார்கள் என்று பெட்ரோல் பம்பை மாற்றினேன். பணம் கரைந்ததுதான் மிச்சம். எப்படி அணைகிறது என்பதை முதலில் கவனித்திருக்க வேண்டும்.

முதல் படி: மூடிய ஷெட்டில் வேண்டாம், புகை ஆளைக் கொல்லும். திறந்த வெளியில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 1,500 சுற்றில் வைத்திருங்கள். காலை எடுத்ததும் அணைந்தால் காற்றுப் பக்கம் பாருங்கள். மிதித்தும் திணறி அணைந்தால் பெட்ரோல் பக்கம்.

பெட்ரோல் பக்கம் என்றால், சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்பினால் டேங்க் அருகே இரண்டு விநாடி பம்பின் முனகல் கேட்க வேண்டும். கேட்டாலும் அழுத்தம் போதுமானது என்று பொருளல்ல. கேஜ் மாட்டித்தான் தெரியும். அடைத்த ஃபில்டரும் இதே கூத்தைக் காட்டும்.

காற்றுப் பக்கம்தான் நான் இடறிய இடம். என்ஜினுக்குள் போகும் காற்றைத் தகட்டால் திறந்து மூடும் திராட்டில் பாடியில் கரி படிந்திருந்தது. அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். (துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை இங்கே கொண்டுவராதீர்கள். மின்னணுத் திராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளவும் கூடாது.) மிதிக்காமல் ஓடும்போது (ஐடிலில்) காற்று விடும் ஐடில் வால்வையும் சுத்தம் செய்தேன். எல்லாவற்றையும் மாட்டினேன். நான்கு விநாடி, அணைந்தது.

இரண்டு வாரம் கழித்து, என்ஜினில் காற்று இழுக்கும் சிறு ரப்பர் குழாயைத் தற்செயலாகத் தொட்டேன். மேலே பளபளப்பு, அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு! என் காரில் காற்றை அளக்கும் சென்சார் முன்னால் இருக்கிறது. அதைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. அதற்கேற்ற பெட்ரோலும் வராது. மிதிக்கும்போது நிறையக் காற்று பாய்வதால் இந்தக் கசிவு பொருட்டாகாது. ஐடிலில் அதுவே ஆளை வீழ்த்தும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள். குழாய்களை வளைத்து அடியில் தடவிப் பாருங்கள். என்ஜினை மிதித்து ஓடவைத்து, இணைப்புகளில் தண்ணீரைத் தெளித்தாலும் கசிவு இருக்கும் இடத்தில் ஓசை மாறும். மின் இணைப்புகளில் மட்டும் படக்கூடாது. சிலர் கிளீனரையே தெளிப்பார்கள். சூடான என்ஜினில் அது தீ வைப்பதற்குச் சமம்.

காரின் கணினியிலிருந்து பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ரீடர் வாங்குவதானால் மலிவான புளூடூத் வகையே போதும். எனக்கு பி0171 என்ற குறியீட்டைக் காட்டியது: கலவையில் பெட்ரோல் குறைவு. எந்தக் குழாய் என்று அது சொல்லாது.

பின்சேர்க்கை: மிதித்தாலும் இரண்டே விநாடியில் அணைகிறது, பம்ப் ஓசையும் சரி என்று இருவர் எழுதியிருந்தார்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டுகிறதா என்று கேட்டேன். ஒருவருக்குச் சிமிட்டியது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டதும் ஓடியதாம்.