டெஸ்ட்டில் ஃபார்ம் சேவ் ஆகவில்லையா? எர்ரர்ஸைப் பாருங்கள்

ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கில் ஃபார்ம் டெஸ்ட் எழுதுகிறவர்கள் அதிகம் ஏமாறுவது, சர்வர் பதிலோடு வரும் 200 (‘சரி’) என்ற ஸ்டேட்டஸ் எண்ணைப் பார்த்துத்தான். வழக்கமான வியூவில் (ரெக்வஸ்ட்டுக்குப் பதில் தரும் கோடு) ஃபார்ம் ஒழுங்காகச் சேவ் ஆனால் 302 வரும்; வேறு பக்கத்துக்கு ரீடைரக்ட் ஆகும். வேலிடேஷன் தோற்றால்தான் அதே பக்கம் பிழைச் செய்தியோடு 200 ஆகத் திரும்பும். 200ஐ எதிர்பார்க்கும் டெஸ்ட், ஃபார்ம் தோற்றபோதுதான் பாஸ் ஆகிறது!

சரி, 302 வந்துவிட்டால் போதுமா? லாகின் செய்யாமல் அனுப்பினாலும் 302தான், லாகின் பக்கத்துக்கு. எங்கே போகிறது என்பதை அசர்ட்ரீடைரக்ட்ஸ் என்ற டெஸ்ட் மெத்தடால் பாருங்கள். டேட்டாபேஸில் வரிசை சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

சேவ் ஆகவில்லை என்றால் டீபக்கரை அப்புறம் திறக்கலாம். முதலில் ரெஸ்பான்ஸின் காண்டெக்ஸ்ட்டில் (டெம்ப்ளேட்டுக்குக் கொடுத்த மதிப்புகள்) இருக்கும் ஃபார்மை எடுத்து அதன் எர்ரர்ஸைப் பிரிண்ட் செய்யுங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு ஃபீல்டு மட்டும் புகார் சொன்னால் நீங்கள் அனுப்பிய மதிப்பில் கோளாறு. கட்டாய ஃபீல்டுகள் எல்லாமே ‘இந்த ஃபீல்டு தேவை’ என்றால் டேட்டா ஃபார்மின் கைக்கே வரவில்லை. ஜேசனாக அனுப்பியிருப்பீர்கள், அப்போது ரெக்வஸ்ட்டின் போஸ்ட் காலியாகத்தான் இருக்கும். இல்லையென்றால் ஃபார்முக்கு ப்ரிஃபிக்ஸ் (ஃபீல்டு பெயர்களின் முன்னொட்டு) வைத்துவிட்டு, அது இல்லாமல் பெயர்களை அனுப்பியிருப்பீர்கள்.

மூன்றாவது வகைதான் ஆளைச் சுற்றவிடும். எர்ரர்ஸும் காலி, சேவும் ஆகவில்லை. யூஆர்எல்லின் கடைசி ஸ்லாஷை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். ஸ்லாஷ் இல்லாவிட்டால் ஜாங்கோ 301 கொடுத்து ஸ்லாஷோடு கூடிய முகவரிக்கு அனுப்பும். ஃபாலோ ஆப்ஷன் ட்ரூ என்றால் டெஸ்ட் கிளையன்ட் (டெஸ்ட்டில் ரெக்வஸ்ட் அனுப்பும் ஜாங்கோ கருவி) பின்னாலேயே போகும், ஆனால் கெட் ரெக்வஸ்ட்டாக. டேட்டா வழியிலேயே போய்விடும். வெறும் ஃபார்ம் 200ஓடு வந்து நிற்கும். டீபக் மோடில் இதற்கு ரன்டைம் எர்ரர் வந்து கத்தும். டெஸ்ட் ரன்னரோ செட்டிங்ஸில் என்ன இருந்தாலும் டீபக்கை அணைத்துவிட்டுத்தான் ஓடும், அதனால் சத்தமே வராது. ரெஸ்பான்ஸின் ரீடைரக்ட் செயினில் 301 இருக்கிறதா என்று பார்த்தால் பிடித்துவிடலாம். முகவரியைக் கையால் எழுதாமல் யூஆர்எல்லின் பெயரிலிருந்து முகவரி தரும் ரிவர்ஸ் ஃபங்ஷனால் எடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

டெஸ்ட் கிளையன்ட் பிரவுசர் இல்லை என்பதும் அடிக்கடி மறந்துபோகிறது. பிரவுசர் மறைவான ஃபீல்டுகளையும், முன்பே நிரப்பிய மதிப்புகளையும், அழுத்திய பட்டனின் பெயரையும் தானாக அனுப்பும். கிளையன்ட் நீங்கள் கொடுத்ததை மட்டும் அனுப்பும். ஃபார்ம்செட்டில் (ஒரே பக்கத்தில் பல ஃபார்ம்களின் தொகுப்பு) டோட்டல் ஃபார்ம்ஸ், இனிஷியல் ஃபார்ம்ஸ் எண்ணிக்கைகளை விட்டுவிடுவது இப்படித்தான். டிக் செய்யாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. நீங்களும் ஃபால்ஸ் என்று அனுப்பாமல் அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள்.

ஃபைல் அப்லோடில் ஒரே ஃபைலை இரண்டு முறை போஸ்ட் செய்தால் இரண்டாவது முறை காலியாகப் போகும். நடுவில் ஃபைலை மறுபடி ஆரம்பத்துக்குக் கொண்டுபோக சீக்(0) போடுங்கள்.

கடைசியாக சிஎஸ்ஆர்எஃப், அதாவது வேறு தளத்திலிருந்து பயனர் பெயரில் போலியாக ஃபார்ம் அனுப்புவதை டோக்கன் வைத்துத் தடுக்கும் சோதனை. டெஸ்ட் கிளையன்ட் இயல்பாக இதைச் சோதிக்காது. டெம்ப்ளேட்டில் டோக்கனை மறந்திருந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகும், பிரவுசரில் 403 வரும். முக்கியமான ஃபார்ம்களுக்காவது என்ஃபோர்ஸ் சிஎஸ்ஆர்எஃப் செக்ஸ் ஆப்ஷனை ட்ரூ ஆக்கி, முதலில் பக்கத்தைக் கெட் செய்து, அந்த எச்டிஎம்எல்லில் இருக்கும் டோக்கனையே எடுத்துத் திருப்பி அனுப்பும் ஒரு டெஸ்ட் வையுங்கள்.