டிஎன்ஏ தந்தைமைப் பரிசோதனை: லேப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் சித்தூர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. ஆந்திராச் சித்தூர் இல்லை, நம்ம பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து வருகிறவர்கள் வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படும் விஷயத்தை டீக்கடையில் என்னிடம் கேட்பார்கள். "ஏனுங்கண்ணா, இந்த டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு எந்த லேப் நல்லதுங்க?" நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "ரிசல்ட்டை யாருக்குங்க காட்டப் போறீங்க?"

முதல் படி அதுதான். ஜீவனாம்சம், சொத்து, விவாகரத்து என்று விஷயம் கோர்ட்டில் இருந்தால் லேப் தேடி அலைய வேண்டாம். மனுப் போட்டு, நீதிபதி அனுமதித்தால், எங்கே பரிசோதிப்பது என்பதும் உத்தரவிலேயே வந்துவிடும். கேரளத்தில் பெரும்பாலும் திருவனந்தபுரத்து ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் போல ஓர் அரசு நிறுவனமாக இருக்கும். ஆனால் கேட்டவுடன் அனுமதி கிடைக்காது. கல்யாண பந்தத்தில் பிறந்த குழந்தை கணவனுடையதுதான் என்பது சட்டத்தின் அனுமானம். பழைய சாட்சியச் சட்டத்தில் 112-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 116. அதை அசைக்கக் காரணம் காட்ட வேண்டும். (நம் நாட்டில் டிஎன்ஏ முதன்முதலாகக் கோர்ட்டேறிய தந்தைமை வழக்கே 1980களின் கடைசியில் நம்ம தலைச்சேரியில் நடந்ததுதான். பரிசோதித்தது ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானி லால்ஜி சிங்.)

சொந்தத் தெளிவுக்காக என்றால் தனியார் லேப்புக்குப் போகலாம். இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும்.

இரண்டாவது படி, அங்கீகாரம். லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் முத்திரை போர்டில் இருந்தால் மட்டும் போதாது. சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்கு வாங்கிய முத்திரையாகக்கூட இருக்கும். சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, என்ஏபிஎல் இணையதளத்தில் தேடுங்கள். கூடவே எந்தெந்தப் பரிசோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் இருக்கும். அதில் டிஎன்ஏ உறவுமுறைப் பரிசோதனை இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். இன்னொன்று, கோயமுத்தூரில் நீங்கள் பார்க்கிற கடை பெரும்பாலும் மாதிரி வாங்கி அனுப்பும் இடம்தான். மாதிரி எந்த ஊருக்குப் போகிறது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடலாம்.

மூன்றாவது படி, போன் போடுங்கள். விலையைக் கேட்கும் முன் அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். நல்ல லேப் துருவித் துருவிக் கேட்கும். அம்மாவின் மாதிரியும் தருவீர்களா? குழந்தைக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை யாருக்கு? அண்ணன் தம்பி மேல் சந்தேகம் உண்டா? (நெருங்கிய ரத்தம் என்றால் கணக்கே மாறும். ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சு அசலாக ஒத்த இரட்டையர் என்றால் சாதாரணப் பரிசோதனையில் பிரிக்கவே முடியாது.) சமீபத்தில் ரத்தம் ஏற்றினார்களா, எலும்பு மஜ்ஜை மாற்றினார்களா? இதெல்லாம் கேட்காமல், "முடி, டூத் பிரஷ் எது இருந்தாலும் யாருக்கும் தெரியாம அனுப்புங்க சார்" என்று சொல்கிற இடம் வேண்டவே வேண்டாம். வெட்டிய முடியில் வேர் இருக்காது. வேரில்லாத முடி இந்தப் பரிசோதனைக்கு உதவாது.

நான்காவது படி, மாதிரி எடுப்பது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் போன ஆடி மாசம் தபாலில் கிட் வாங்கினார். கன்னத்தின் உட்புறம் குச்சியைத் தேய்த்ததெல்லாம் சரி. காய வைக்காமல், நல்ல பிள்ளையாக, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கூரியரில் அனுப்பிவிட்டார். ஈரத்தில் கிருமி வளர்ந்தால் டிஎன்ஏ சிதையும். மூன்றாவது வாரம் "மாதிரி போதாது" என்று பதில் வந்தது. பணம் திரும்பவில்லை. கிட்டில் வழிமுறைத் தாளே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. முறை இதுதான்: சாப்பிட்டு, டீ குடித்து ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். வாயைக் கொப்பளித்துவிட்டு, பஞ்சு முனையில் கை படாமல் தேய்க்க வேண்டும். நிழலில் நன்றாக உலர்த்தி, ஆளுக்கொரு காகித உறையில் போட வேண்டும்.

கோர்ட்டுக்கு என்றால் இந்த வீட்டு வேலை செல்லாது. அடையாள அட்டை, போட்டோ, கைரேகை, கையெழுத்து, சாட்சி, சீல் எல்லாம் வேண்டும். உறை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவும் அறுபடாமல் இருக்க வேண்டும்.

கடைசிப் படி, ரிப்போர்ட். உதாரணத்துக்கு ஒரு ரிப்போர்ட்டை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று டிஎன்ஏவில் சோதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் குழந்தைக்கு இரண்டு எண்கள் வரும். பொதுவாக 15, 20 இடங்களுக்கு மேல் பார்த்து அட்டவணை போட்டிருப்பார்கள். பொருந்தினால், அவரே அப்பா என்பதற்கான வாய்ப்பு 99.99 சதவீதம் போல வரும். 100 என்று அச்சடித்தால் சந்தேகப்படுங்கள். பொருந்தாவிட்டால் 0. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொருந்தவில்லை என்றால் அது இயற்கையான திடீர் மாற்றமாகவும் இருக்கலாம். நல்ல லேப் அங்கே அவசரப்படாது, இன்னும் சில இடங்களைப் பார்க்கும். அட்டவணை இல்லாமல் "ஆம், இல்லை" என்று ஒற்றை வரி தருகிற ரிப்போர்ட்டை வைத்து யாருடனும் சண்டைக்குப் போகாதீர்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெயரையும் ஒருமுறை பாருங்கள். நம்ம எல்லைப்பக்கத்தில் ஒரே முருகேசனுக்கு, பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஆதாரில் ஜி எழுத்து, ரேஷன் கார்டில் கே எழுத்து.