ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலக இன்டர்ன்ஷிப்: விண்ணப்பிப்பது எப்படி?

ஐ.நா. மனித உரிமை ஆணையர் பதவி 1993-இல் உருவாக்கப்பட்டது. அந்த அலுவலகத்தின் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. மாணவர்களை இன்டர்ன்களாக எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் என்றில்லை. அரசியல், சமூகப்பணி, இதழியல், புள்ளியியல் மாணவர்களுக்கும் இடம் உண்டு. விண்ணப்பங்கள் ஏராளமாகக் குவியும். பெரும்பாலானவை தகுதிக் குறைவால் விழுவதைவிட, எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று பார்க்காமல் எழுதியதால்தான் விழுகின்றன.

படி 1: தகுதியைப் பாருங்கள்

இளநிலைப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்க வேண்டும், அல்லது முதுநிலை, ஆய்வுப் படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். படித்து முடித்தவர் என்றால், முடித்த ஓராண்டுக்குள் இன்டர்ன்ஷிப் தொடங்க வேண்டும். விண்ணப்பிக்கும் தேதி அல்ல, வேலையில் சேரும் தேதிதான் கணக்கு. நம்மூரில் பட்டமளிப்பு விழா தாமதமாக நடக்கும்; அதை நம்பி நாள் எண்ணாதீர்கள், இறுதித் தேர்வு முடிவிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. ஐந்தாண்டு சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருப்பவர் ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும்.

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். ஆங்கிலமோ பிரெஞ்சோ சரளமாக வேண்டும். ஐ.நா. ஊழியரின் பிள்ளையோ உடன்பிறந்தவரோ சேர முடியாது. காலம் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை.

படி 2: பணக் கணக்கு

இதை விண்ணப்பத்துக்கு முன்பே போட்டுவிடுங்கள். இந்த இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் இல்லை. விமானம், விசா, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் செலவு. மனித உரிமைக்காக உழைக்கும் இடத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே கதவு எளிதாகத் திறக்கிறது என்பது அநியாயம்தான். ஜெனீவாவில் இன்டர்ன்களே இதை எதிர்த்துப் பலமுறை குரல் கொடுத்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இன்டர்ன்களுக்கு உதவித்தொகை தருகின்றன. அங்கே உங்கள் துறைக்கு இடமிருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஜெனீவாவில் பகிர்ந்து தங்கும் ஒரு அறைக்கு மாதம் 700 முதல் 1,000 சுவிஸ் பிராங்க் ஒதுக்க வேண்டும். சொந்தச் சமையல் என்றால் சாப்பாட்டுக்கு 400, பஸ் பாஸுக்கு 70. காப்பீடு, சில்லறைச் செலவையும் சேர்த்தால், சிக்கனமாக இருந்தாலும் மாதம் 1,300 பிராங்குக்குக் கீழே இறங்காது. ஒரு பிராங்க் நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. மூன்று மாதத்துக்கு விமானக் கட்டணத்தோடு ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் பயண உதவித்தொகை ஏதேனும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கையில் அவ்வளவு இல்லையென்றால் பாங்காக்கில் உள்ள ஐ.நா. மனித உரிமை வட்டார அலுவலகத்தின் அறிவிப்புகளைக் கவனியுங்கள். செலவு பாதிக்கும் கீழே வரும்.

எல்லைக்கு அப்பால் பிரான்ஸில் அன்மாஸ், ஃபெர்னே-வோல்டேர் போன்ற ஊர்களில் வாடகை குறைவு. ஆனால் சுவிட்சர்லாந்தின் நீண்டகால விசாவை வைத்துக்கொண்டு பிரான்ஸில் குடியிருக்க முடியாது. விசா எது என்று தெரிந்த பிறகே அங்கே அறைக்கு முன்பணம் கட்டுங்கள்.

படி 3: அறிவிப்பைப் படியுங்கள்

ஐ.நா.வின் வேலைவாய்ப்புத் தளத்தில் கணக்குத் தொடங்கி, இன்டர்ன்ஷிப் பிரிவில் மனித உரிமை அலுவலகத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மனித உரிமை உடன்படிக்கைகளை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று பார்க்கும் உடன்படிக்கைக் குழுக்களுக்கு உதவும் பிரிவு ஒன்று. 47 நாடுகள் உறுப்பினராக உள்ள மனித உரிமைப் பேரவையின் வேலை வேறு. ஒரு நாட்டையோ ஒரு பிரச்சினையையோ ஆராயப் பேரவை நியமிக்கும் சிறப்பு அறிக்கையாளர்களுக்கு உதவுவது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால், படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

படி 4: சுருக்கி எழுதப் பழகுங்கள்

இன்டர்ன் நாள் முழுக்கச் செய்யும் வேலை இதுதான். பேச்சு, போராட்டம், களப்பயணம் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். படிப்பது, சரிபார்ப்பது, சுருக்குவது. வீட்டிலிருந்தே பழகலாம், காசு செலவில்லை.

ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் பேரவை சுற்று முறையில் ஆய்வு செய்கிறது. 2008-இல் தொடங்கிய இந்த முறையில் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று ஆவணங்கள் தயாராகும்: அரசின் அறிக்கை, ஐ.நா. அமைப்புகளின் தகவல் தொகுப்பு, தொண்டு அமைப்புகள் அனுப்பியவற்றின் சுருக்கம். பின்னிரண்டையும் இந்த அலுவலகமே தயாரிக்கிறது. இந்தியா 2022 நவம்பரிலும் இலங்கை 2023 பிப்ரவரியிலும் ஆய்வுக்கு வந்தன. ஏதாவதொரு நாட்டின் சுருக்கத்தை இறக்கி, அதில் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு அமைப்பின் முழு மனுவையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பல பக்கம் எப்படி ஒன்றிரண்டு வரியாகிறது என்று புரியும். பிறகு நீங்களே ஒன்றைச் சுருக்குங்கள்.

உதாரணத்துக்கு, மனுவில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "விசாரணைக் கைதிகள் மூன்று ஆண்டுக்கும் மேலாக வழக்கறிஞரைப் பார்க்க முடியாமல் கொடுமைப்படுத்தப்படுகிறார்கள்." புதியவர் சுருக்குவது: "சிறையில் கைதிகள் சித்திரவதை செய்யப்படுகிறார்கள்." ஒரே வரியில் நான்கு பிழை. சொன்னது யார் என்பது போய்விட்டது. விசாரணைக் கைதி வெறும் கைதியாகிவிட்டார். மூன்று ஆண்டும் வழக்கறிஞரும் காணவில்லை. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மனுவில் இல்லாத சித்திரவதை உள்ளே வந்தது. 1984-ஆம் ஆண்டு சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் முதல் பிரிவு அதற்குக் குறிப்பிட்ட வரையறை தருகிறது. கடுமையான வலி, வேண்டுமென்றே செய்தது, அரசு அதிகாரியின் பங்கு அல்லது சம்மதம் எல்லாம் சேர வேண்டும். மிகைப்படுத்திய ஒரு வரி போதும், பாதிக்கப்பட்டவரின் உண்மையான வாக்குமூலத்தையும் அரசு தரப்பு தள்ளிவிட. சரியான வரி: "விசாரணைக் கைதிகள் மூன்று ஆண்டுக்கும் மேலாக வழக்கறிஞரைச் சந்திக்க முடியவில்லை என்றும் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்றும் அந்த அமைப்பு தெரிவித்தது."

படி 5: விண்ணப்பம்

கவர் லெட்டரில் ஐந்து விஷயம் கட்டாயம் இருக்கட்டும்: படிப்பின் பெயர், முடியும் மாதம், தெரிந்த கணினி மென்பொருள்கள், விருப்பமுள்ள மூன்று துறைகள், இந்த இடத்துக்கு நீங்கள் ஏன் பொருத்தம். "சிறுவயதிலிருந்தே மனித உரிமையில் ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிட்டு, செய்த வேலையை எழுதுங்கள். "சட்ட உதவி மையத்தில் 40 ஜாமீன் மனுக்களின் விவரத்தை அட்டவணையாக்கினேன்" என்பது போல ஒரு வரி இருந்தால் (உங்கள் உண்மை எண்ணோடு) அது நிற்கும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதையும் விடாமல் குறிப்பிடுங்கள். 2021-இல் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின் கீழ் இலங்கை தொடர்பான ஆதாரங்களைத் திரட்டும் பணியை இதே அலுவலகம் செய்து வருகிறது.

கூடவே மார்க் ஷீட், பாஸ்போர்ட் நகல், போனஃபைடு சான்றிதழ் தயாராக இருக்கட்டும். கல்லூரி அலுவலகம் வழக்கமாகத் தரும் போனஃபைடில் "இங்கே படிக்கிறார்" என்று மட்டும்தான் இருக்கும். எந்த ஆண்டு, எப்போது முடியும் என்பதையும் எழுதிக் கேளுங்கள். பரிந்துரைக்கு மூன்று பேரின் பெயர் வேண்டும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள், ஜெனீவா நேரமும் நம் நேரமும் வேறு.

தேர்வானவர்களை மட்டுமே தொடர்புகொள்வார்கள். பதில் வராவிட்டால் அடுத்த அறிவிப்புக்குப் புதுக் கடிதம் எழுதுங்கள். எந்தக் கட்டத்திலும் ஐ.நா. கட்டணம் கேட்பதில்லை. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று கேட்டு வரும் மெயில் மோசடி.

படி 6: விசா

ஷெங்கன் விசாவில் (சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகியகாலப் பொது விசா) 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்கலாம். மூன்று மாத இன்டர்ன்ஷிப் என்பது பெரும்பாலும் 91 அல்லது 92 நாள். வீடு பார்க்க நான்கு நாள் முன்னே போனால் கணக்கு இன்னும் தாண்டும். தேதியை 12 வாரமாக மாற்றித் தரக் கேளுங்கள், அல்லது நீண்டகால விசாவுக்கு விண்ணப்பியுங்கள். அதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால் தேர்வுக் கடிதம் வந்த வாரமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

சேர்ந்த பிறகு

கையில் வரும் மனுக்களில் பெயர், ஊர், தொலைபேசி எண் இருக்கும். அவற்றைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், மேசையின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். ஐ.நா.விடம் புகார் சொன்னதற்காகவே ஊரில் மிரட்டப்பட்டவர்கள் உண்டு. அந்தப் பழிவாங்கல்களைப் பற்றிப் பொதுச்செயலாளரே ஆண்டுதோறும் பேரவைக்கு அறிக்கை தருகிறார். மதிப்பீட்டுப் படிவத்தைக் கடைசி வாரம் வரை விடாமல், அதற்கு முந்தைய வாரமே மேற்பார்வையாளரிடம் கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.